ஒன்றுக்கு ஐம்பது

வர்க்கி வந்த அட்டைப்பெட்டியில்
சுவர்களை வெட்டினேன்.
ஒன்றுக்கு ஐம்பது என்று கணக்கு.
வரைபடம் கிடையாது, கால்தான் அளவு.
கதவிலிருந்து உருளைக்குப் பதினோரு எட்டு,
உருளையிலிருந்து வெட்டும் எந்திரத்துக்கு நான்கு,
பிறகு இடப்பக்கச் சுவரில் ஒரு வெடிப்பு
விரல்நகம் நுழையுமளவு.
அங்கே திரும்ப வேண்டும்.

பத்தொன்பது வருடம் வேலை பார்த்த அறையை
ஒருநாளும் பார்த்ததில்லை.

பிலிம் தொழிற்சாலை.
ஒரு தீக்குச்சி வெளிச்சம் பட்டால்
ஒரு ஷிஃப்டின் உழைப்பு மொத்தமும் குப்பை.
மோதிக்கொள்ளாமலிருக்க
‘வர்றேன், வர்றேன்’ என்று சொல்லிக்கொண்டே நடப்போம்.
மாசி மட்டும் சொல்லமாட்டாள்.
இருமுவாள்.
இருமலை வைத்தே
எத்தனை எட்டில் வருகிறாள் என்று தெரிந்துவிடும்.
நாங்கள் வெட்டிய எக்ஸ்ரே பிலிமில்தான்
பிறகு அவள் நெஞ்சையும் எடுத்தார்கள்.
டாக்டர் அதை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தபோது
நான் ஓரத்தைப் பார்த்தேன்,
வெட்டு நேராக இருக்கிறதா என்று.

சுவருக்கு என்ன நிறம் அடிப்பது?
வேலை அங்கேதான் நின்றது.
கேத்தியில் இருக்கும் பழைய சூப்பர்வைசர் வெள்ளை என்கிறார்,
வெள்ளைக்கு ஆர்டர் போட்டது நினைவிருக்கிறதாம்.
மாசியின் மகன் கறுப்பு என்கிறான்,
அவன் உள்ளே வந்தவனே இல்லை.
எலக்ட்ரீஷியன் பெள்ளிக்குப் போன் போட்டேன்.
பூட்டிய பிறகு வயர் உருவப் போனவர்,
அந்த அறைக்குள் விளக்கோடு நின்ற ஒரே ஆள்.
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
‘சுவரப் பாக்கலயே அக்கா,
நா வயரத்தான பாத்தேன்.’

அட்டையின் நிறத்தையே விட்டுவிட்டேன்.
மேற்குச் சுவரில் பாதி அழிந்து
‘சுத்தமான நெய்’ என்று இருக்கிறது.
உருளைகளுக்குத் தீர்ந்துபோன பேனா ரீஃபில்.
தொட்டிக்குத் தைலப் பாட்டிலின் மூடி,
மூன்று முறை கழுவியும் மணக்கிறது.
எலும்பு வேகும் நாற்றம் இருக்க வேண்டிய இடம் அது.
ஆட்களுக்குத் தீக்குச்சி.
தலையைக் கிள்ளித்தான் நிறுத்தினேன்,
உள்ளே நெருப்பு ஆகாது.

கணக்கு முடித்த அன்று
செக்கோடு ஒரு ரோல் பிலிம் கொடுத்திருந்தார்கள்.
காலாவதியாகி எத்தனை வருடமோ.
சேரிங் கிராஸ் ஸ்டூடியோவில் கேமரா இரவல்.
கெட்டிலை அட்டைக் கதவருகே கொதிக்கவிட்டு
டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து
மூச்சடக்கி எடுத்தேன்.
கழுவியது குளியலறையில், ஜன்னலில் கம்பளி கட்டி.
கண் எதற்கு, கைக்குத் தெரியாதா.

படம் சாம்பலாய் வந்தது.
பழைய பிலிமின் பூஞ்சைப் புகை எது,
கெட்டில் ஆவி எது,
ஜன்னலுக்கு வெளியே ஏறிக்கொண்டிருந்த மஞ்சு எது
என்று எனக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை.
அறை மட்டும் பெரிதாக இருந்தது.
பயம் தரும் அளவுக்குப் பெரிதாக.

பாக்கித் தொகை கேட்கப் போன இடத்தில்
ஃபைலிலிருந்து அது நழுவி விழுந்தது.
ஏலத்துக்கு விலை போட வந்திருந்த ஆள் எடுத்தார்.
கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார்.
‘இந்த பிளாக் நம்ம லிஸ்ட்லயே இல்லியே.
ரோலர் எல்லாம் ஸ்டீலா?
எத்தன டன் தேறும்?’
நான் வாயைத் திறக்கவில்லை.
ஓரமாக ஏதோ குறித்துக்கொண்டார்.
‘யாரும்மா இவங்கள்லாம்?’
‘நைட் ஷிஃப்ட் சார்.’
படத்தைச் சட்டென்று திருப்பித் தந்தார்,
கை ஈரமானதுபோல விரலைத் துடைத்துக்கொண்டு.

இரவு கரண்ட் போனது.
கட்டிலடியிலிருந்து மாடலை இழுத்து
இரண்டு விரலால் உள்ளே நடந்தேன்.
கதவு. உருளை. எந்திரம்.
இடப்பக்கச் சுவர் வழவழவென்று போய்க்கொண்டே இருந்தது.
வெடிப்பை வைக்க மறந்திருக்கிறேன்.

திரும்ப இடமில்லாமல் நின்றுவிட்டு,
‘வர்றேன்’ என்று சொல்லிப் பார்த்துவிட்டு,
நகத்தால் கீறினேன்.